வெறும் வலையையும் அலசி வைப்பது

மகள், உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன். களுவாஞ்சிக்குடியில் வீடு, கல்முனையில் வேலை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். காலை ஐந்து மணிக்கு எழும்பினாலும் ஏழு மணிக்கு ஒரு சொக்ஸைத் தேடிக்கொண்டு நிற்கிறீர்கள். வீடியோ பார்த்து, இரண்டு நாள் லீவு போட்டு, அலுமாரி முழுவதையும் கட்டிலில் கொட்டி ஒதுக்கினீர்கள். மூன்று கிழமையில் பழையபடி. ஜெபிக்க உட்கார்ந்தால் கண்ணில் படுவது மடிக்காத உடுப்புக் குவியல். விசுவாசத்துக்கும் இந்த ஒழுங்குக்கும் தொடர்பு இருக்கிறதா, இல்லை நான் சும்மா ஒரு சோம்பேறியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சோம்பேறி ஐந்து மணிக்கு எழும்ப மாட்டாள். அந்தச் சொல்லை முதலில் விடுங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பிறந்தது மட்டக்களப்பில், தாண்டவன்வெளியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில். கலியாணம் முடித்து வந்தது புளியந்தீவில் ஒரு மெதடிஸ்த வீட்டுக்கு. மாமியார் வீட்டில் செபமாலையை எங்கே தொங்கவிடுவது என்பதுதான் என் முதல் ஒழுங்குப் பிரச்சினை. முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்தேன், இப்போது பென்சன். இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்துத்தான் பதில் சொல்வேன். எந்தப் பக்கத்தாரும் கோபிக்க வேண்டாம்.

நீங்கள் சாமானில் தொடங்கினீர்கள். சறுக்கியது அங்கேதான் என்று நினைக்கிறேன். ஒதுக்குவது இரண்டு நாள் வேலை, கலைவது ஒவ்வொரு நாளும் நடப்பது. கிறிஸ்தவ மரபில் ஒழுங்கைப் பற்றி ஆழமாக யோசித்தவர்கள் பெரும்பாலும் அலுமாரியில் தொடங்கவில்லை. நாளில் தொடங்கினார்கள்: எந்த நேரத்தில் எது, எந்த நேரத்தில் எதை விடுவது என்று.

லூக்கா ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கெனேசரேத்துக் கடற்கரையில் இரண்டு படகுகள் நிற்கின்றன. மீன்பிடிக்கிறவர்கள் இறங்கி வலைகளை அலசிக்கொண்டிருக்கிறார்கள். பிரசங்கங்களில் இந்த வரியை எல்லாரும் தாண்டிப் போய்விடுவார்கள், ஏனென்றால் அடுத்து வருவது வலை கிழிகிற அளவு மீன். ஆனால் மூன்று வசனம் தள்ளிப் பேதுரு என்ன சொல்கிறார்? இராமுழுவதும் பாடுபட்டும் ஒன்றும் அகப்படவில்லை. அப்படியென்றால் அவர்கள் அலசிக்கொண்டிருந்தது ஒரு மீன்கூடப் படாத வலை!

கடல் என்று எழுதியிருந்தாலும் அது நன்னீர் ஏரி, நீளம் 21 கிலோமீற்றர் அளவில். ஒரு கரையில் நின்றால் மறுகரை தெரியும், நம் வாவி மாதிரி. அந்தக் காலத்து வலை நார்நூலில் பின்னியது. பாசியும் சேறும் ஒட்டியபடி ஈரத்தோடு விட்டால் உக்கிப்போகும். மீன் பட்டதா இல்லையா என்று வலைக்குத் தெரியாது. கரைக்கு வந்ததும் அலசியே ஆகவேண்டும்.

இப்போது நைலோன் வலை, உக்காது. இருந்தும் கல்லடியில் என் வீட்டுக்காரரின் சொந்தக்காரர் ஒருவர், வாவியில் வீச்சுவலை எறிகிறவர், விடியற்காலை திரும்பி வரும்போது ஒருதரம் பார்த்தேன். கூடைக்குள் பூனைக்குப் போடுகிற அளவு பொடிமீன். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். வாங்கி மதிலில் வைத்துவிட்டு, திரும்ப முழங்கால் தண்ணீரில் இறங்கி, வலையை விரித்து, ஈயக்குண்டுப் பக்கத்தைக் கையில் பிடித்து மெதுவாக உலுப்பி உலுப்பி அலசினார். ஒரு சின்னக் குச்சி சிக்கியிருந்தது. அதை இழுத்து எடுக்காமல், கண்ணி கிழியாதபடி நின்று கழற்றினார். பிறகு இரண்டு பூவரச மரத்துக்கு நடுவில் கட்டிய கயிற்றில் வலையைப் போட்டுவிட்டு வந்து, ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தார். இன்றைக்கு ஒன்றும் படவில்லையே, தூங்கி எழும்பிக் கழுவினால் என்ன என்று கேட்டேன். "நாளைக்கு இருட்டுக்குள்ள நின்று இதை அவிழ்க்க ஏலா ரீச்சர்" என்றார்.

பேதுருவிடம் ஆழத்தில் போய் வலையைப் போடு என்று சொன்னபோது அவரால் உடனே போட முடிந்தது, வலை அலசி இருந்தபடியால். இது என் வியாக்கியானம். எந்தக் குருவானவரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் வீட்டு ஒழுங்கைப் பற்றி வேதாகமத்தில் இதைவிடப் பயனுள்ள இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டில் வலை அலசும் நேரம் எது? பிள்ளைகள் படுத்த பிறகு, இரவு எட்டரை மணி என்று வைத்துக்கொள்வோம். கால் மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். குசினியில் கழுவாத கோப்பை இருக்கக் கூடாது. நாளைய யூனிபோம், சொக்ஸ், புத்தகப்பை மூன்றும் ஒரே கதிரையில். அவ்வளவுதான். அலுமாரியைத் தொட வேண்டாம். கந்தோரில் ஏச்சு வாங்கி வந்த நாளிலும், கணவரோடு முகம் கொடுக்காத நாளிலும் அந்தக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். நல்ல நாளில் யாரும் செய்வார்கள். கூடை வெறுமையாய் வந்த நாளில் அலசுகிறவர்தான் மீனவர்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) தம் துறவிகளுக்கு 73 சிறு அதிகாரங்களில் ஒரு ஒழுங்கு எழுதினார். அதில் அவர் சொல்வது: செபத்துக்கு அழைப்புக் கேட்டதும் கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு எழும்பு. அவருக்கு முன்பு எகிப்தின் பாலைவனத் துறவிகளைப் பற்றி எழுதிய ஜோன் கசியான், எழுதிக்கொண்டிருப்பவர் தொடங்கிய எழுத்தைக்கூட முடிக்காமல் எழும்பினார் என்கிறார். 'அ'வில் பாதிச் சுழியோடு பேனையை வைப்பதை நினைத்துப் பாருங்கள், எவ்வளவு எரிச்சல் வரும்! மீனவர் முடித்துவிட்டுப் போ என்கிறார், துறவி முடிக்காமல் போ என்கிறார். இரண்டும் முரண் மாதிரித் தெரியும். எனக்கு இரண்டும் ஒன்றுதான்: என் மனநிலை சொல்வதை நான் கேட்கவில்லை, நேரம் சொல்வதைக் கேட்கிறேன்.

எங்கள் சின்ன வயதில் காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கும், மூவேளைச் செபத்துக்கு. அம்மா மா குழைத்துக்கொண்டிருந்தால் அப்படியே கையைத் துடைத்துவிட்டு நிற்பார். இரண்டு நிமிசம் இருக்கும். புட்டு ஒருநாளும் கெட்டதில்லை. என்னோடு படிப்பித்த காத்தான்குடி ரீச்சர் ஒருவர் வினாத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போதே பாங்கு கேட்டால் சிவப்புப் பேனையை மூடிவிட்டுப் போவார். திரும்பி வந்து எங்களுக்கு முன்பே திருத்தி முடிப்பார். அது எப்படி என்று அப்போது விளங்கவில்லை. நடுவில் நிற்கத் தெரிந்தவர் நடுவில் அலையமாட்டார் என்று இப்போது தோன்றுகிறது. நாம் நிற்பதும் இல்லை, முடிப்பதும் இல்லை. போனைக் கையில் எடுத்துவிட்டு எதற்கு எடுத்தோம் என்று யோசிக்கிறோம்.

ஆகவே உங்கள் நாளைக் கட்டி வைக்க இரண்டு முளை போதும். காலையில் போனைத் தொடுவதற்கு முன் ஐந்து நிமிசம். இரவில் அந்தக் கால் மணி நேரத்துக்குப் பிறகு ஐந்து நிமிசம். காலையில் ஒரு சங்கீதம் வாசியுங்கள். இரவுக்கு இஞ்ஞாசியாருடைய முறையைச் சொல்கிறேன். 1873இல் தொடங்கிய நம் புனித மிக்கேல் கல்லூரியை வளர்த்தெடுத்த இயேசு சபைக் குருமாரின் ஸ்தாபகர் அவர். அவர் கற்றுக்கொடுத்த ஆன்மப் பரிசோதனைக்கு ஐந்து படி: நன்றி சொல்வது, வெளிச்சம் கேட்பது, நாளை மணி மணியாகத் திரும்பப் பார்ப்பது, பிழைக்கு மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரு தீர்மானம். பாவத்தைத் தேடுகிற வேலை என்று நினைத்துப் பலர் பயப்படுவார்கள். முதல் படி நன்றி என்பதைக் கவனியுங்கள். மூன்றாவது படியில்தான் ஒழுங்கு பிறக்கிறது.

ஒரு தவக்காலம் முழுவதும் அந்த மூன்றாவது படியை ஒரு கொப்பியில் எழுதி வந்தேன், நாளுக்கு இரண்டு வரி. உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு புரட்டிப் பார்த்தால், 'சாவி' என்ற சொல் பதினொரு இடத்தில் இருந்தது. சாவியைக் காணவில்லை, இவரோடு கத்தினேன். சாவியைக் காணவில்லை, பஸ்ஸை விட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லத் தயாராக வைத்திருந்த என் கோபத்தில் பாதி, கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்தால் போகிற கோபம்! ஆணி அடித்தோம். மிச்சப் பாதிக்கு இன்னும் செபித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படி ஒரு மாதம் நேரம் பிடிபட்ட பிறகு சாமானுக்கு வாருங்கள். இங்கே நிதானமாகப் பேச வேண்டும்.

ஒரு வருடமாகப் பாவிக்காததை வீசு என்று வீடியோவில் சொல்கிறவர்கள், உடுத்த உடுப்போடு ஓடியவர்கள் இல்லை. நாங்கள் 1990இல் போரில் ஓடினோம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. நாவலடியிலும் கல்லடியிலும் வீடு நின்ற இடத்தில் அத்திவாரம் மட்டும் கிடந்ததை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2007இல் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைச் சனம் ஆயிரக்கணக்கில் வந்து முகாம்களில் கிடந்தது. 2011 தை மாதம் வெள்ளம். இப்படிப்பட்ட ஊரில் ஒரு தாய் வெறும் பால்மா ரின்னையும் ஐஸ்கிறீம் டப்பாவையும் எறியாமல் வைத்திருந்தால் அதைக் குப்பை சேர்க்கும் புத்தி என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் அம்மா தயிர் முட்டிகளைக் கிணற்றடியில் அடுக்கி வைத்திருந்தார். ஒருநாள் எண்ணினேன், நாற்பத்திமூன்று. எறியப் போனேன், அழுதார். முகாமில் ஒரு பிள்ளைக்குக் கஞ்சி வார்த்துக் கொடுக்கப் பாத்திரம் இல்லாமல் நின்றதை அன்றைக்குத்தான் முதல்முறை சொன்னார்.

வனாந்தரத்தில் மன்னா என்ற உணவு வானத்திலிருந்து விழுந்த வேதாகமக் கதையும் இதே மாதிரி ஆட்களைப் பற்றியதுதான். எகிப்தில் அடிமையாய்க் கிடந்துவிட்டு வந்தவர்கள். அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள் என்று மோசே சொன்னார். சிலர் கேளாமல் விடியுமட்டும் வைத்தார்கள், புழுத்து நாறியது. இதை வைத்துச் சேமிப்பே அவிசுவாசம் என்று பேசுகிறவர்கள் அடுத்த வசனங்களை வாசிப்பதில்லை. ஆறாம் நாளில் இரண்டு மடங்கு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறது, ஓய்வுநாளுக்காக. அது கெடவில்லை. ஒரே மன்னாதான், ஒன்றைப் பயத்துக்காக வைத்தார்கள், மற்றதை ஒரு நோக்கத்துக்காக. ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து இதைத்தான் கேட்க வேண்டும். ஒரு மாத அரிசி நோக்கத்துக்கு. நாற்பத்திமூன்று முட்டி பயத்துக்கு. பயத்தை ஏசி விரட்ட முடியாது. அம்மாவிடம் பேசி ஆறு முட்டியை வைத்துக்கொண்டோம், மற்றவற்றில் பூங்கன்று நட்டு அயலுக்குக் கொடுத்தோம். கொடுக்கும்போது அவர் அழவில்லை.

வெளியே போகிற சாமான் ஒருவரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதம். ஆசீர்வாதப்பர் உடுப்பைப் பற்றி எழுதிய அதிகாரத்தில், புதிது வாங்கும்போதே பழையதைத் திருப்பிக் கொடு, அது ஏழைகளுக்குப் போகட்டும் என்கிறார். ஒரு துறவிக்கு இரண்டு அங்கி போதுமாம். காரணமும் சொல்கிறார்: இரவுக்கும், துவைப்பதற்கும். எளிமைக்கு இதைவிடச் சாதாரணமான காரணம் சொல்ல முடியுமா? ஐயாயிரம் பேருக்கு உணவு கொடுத்த பிறகும் மீதித் துணிக்கைகளைச் சேர்த்து வையுங்கள், ஒன்றும் வீணாகக் கூடாது என்றுதான் ஆண்டவர் சொன்னார். உரப்பையில் கட்டி வாவிக்கரையில் தள்ளிவிட்டு வந்து வீடு சுத்தமாகிவிட்டது என்று மகிழ்வது எளிமை இல்லை, இடமாற்றம்.

சரி, பணம். இந்தப் பகுதியில் மாமியார் வீட்டுப் பக்கம் வருகிறேன். 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கிய மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் ஒரு வருடம்கூட முடியாமல் 1815 ஏப்ரலில் இறந்துபோனார். அவர் எந்த இயக்கத்திலிருந்து வந்தாரோ அதைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். ஒக்ஸ்போர்ட்டில் ஒரு மெதடிஸ்தருக்கு வருடம் 30 பவுண் வருமானம். 28இல் வாழ்ந்து 2 பவுணைக் கொடுத்தார். அடுத்த வருடம் 60 வந்தது. அப்போதும் 28இல் வாழ்ந்து 32ஐக் கொடுத்தார். பிறகு 90, பிறகு 120. செலவு 28இல் நின்றது. அந்த ஆள் வெஸ்லியேதான் என்று எல்லாரும் சொல்வார்கள். நம் நாட்டு விலைவாசியில் 28 என்று ஓரிடத்தில் நிற்க யாராலும் ஏலாது, அது தெரியும். ஆனால் சம்பளம் கூடிய மாதத்திலேயே லீசிங் கந்தோருக்குப் போகாமல் ஆறு மாதம் பழைய கணக்கிலேயே வாழ்ந்து பார்க்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் சீட்டுக் கடன் அடைந்தது. கடன் இருக்கிற வீட்டில் அலுமாரி எவ்வளவு ஒழுங்காய் இருந்தாலும் தூக்கம் ஒழுங்காய் இராது.

அன்றாடச் சோற்றுக்கே கஷ்டப்படுகிறவரிடம் போய் எளிமையைப் பற்றிப் பேசாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போதும் என்று சொல்ல, முதலில் போதுமான அளவு இருக்க வேண்டும்.

மார்த்தாளைப் பற்றி நீங்களே கேட்டிருக்கிறீர்கள்: நான் மார்த்தாளாக இருக்கிறேனே, மரியாளாக எப்படி ஆவது என்று. இயேசு வீட்டுக்கு வந்தபோது மார்த்தாள் பணிவிடையில் ஓடித்திரிந்தாள், சகோதரி மரியாள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டாள். மகள், அன்றைக்கு மார்த்தாள் சமைக்காவிட்டால் எல்லாரும் பட்டினி. ஆண்டவர் அவளுடைய வேலையைக் குறை சொல்லவில்லை. அநேக காரியங்களைக் குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்றார். கறி ஒன்றா ஏழா என்பது அங்கே பிரச்சினை. நம் விருந்தோம்பலில் ஏழு கறி கௌரவம். இன்னுமொன்று, உங்கள் கடிதம் முழுவதிலும் 'நான் ஒதுக்கினேன், நான் தேடினேன், நான் துவைத்தேன்' என்றுதான் இருக்கிறது. கணவர் ஒரு இடத்தில்தான் வருகிறார், 'சாப்பாடு எங்கே' என்று கேட்டுக்கொண்டு. வலை அலசுவது ஒருவர் வேலை இல்லை. லூக்கா 'அலசிக்கொண்டிருந்தார்கள்' என்று பன்மையில் எழுதியிருக்கிறார். எட்டரை மணிக் கால் மணி நேரத்தில் சொக்ஸ் அவருடைய பொறுப்பு. இதை ஆன்மீக ஆலோசனை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. காலையில் ஆராதனை முடிந்து வந்தால் பிறகு ரியூசன், ரியூசன் முடிந்து உடுப்புத் துவைப்பு என்று அது ஏழாவது வேலைநாள் ஆகிவிட்டது. ஒன்றே ஒன்றை எடுத்துவிடுங்கள். நான் எடுத்தது துவைப்பு. ஞாயிறு கொடியில் உடுப்பு இல்லாமல் முற்றத்தைப் பார்ப்பதே ஒரு ஓய்வு.

போன கிழமை ஒரு வட்ஸ்அப் செய்தி சுற்றியது, உங்களுக்கும் வந்திருக்கும். கல்லறையில் இயேசுவின் தலைச்சீலை தனியே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. யூத எசமான் சாப்பாட்டு மேசையில் துணியை மடித்து வைத்தால் திரும்பி வருவேன் என்று பொருளாம். அப்படியொரு வழக்கத்துக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. அது சாப்பாட்டுத் துணியும் இல்லை, இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவின் முகத்தில் சுற்றியிருந்ததற்கும் யோவான் அதே சொல்லைத்தான் எழுதுகிறார். அந்தக் கதை இல்லாமலே அந்த வசனம் எனக்குப் போதும். உலகமே புரண்ட விடியற்காலையில் ஒரு துணி அதன் இடத்தில் இருந்திருக்கிறது.

எங்கள் சோக்கேஸில் கலியாணத்துக்கு வந்த ஒரு கிளாஸ் செட், பெட்டி பிரிக்காமல் இருபத்தாறு வருடம் இருந்தது. விசேசமான ஆட்கள் வரும்போது எடுக்கலாம் என்று. பெரிய ஆட்கள் வந்தார்கள், போனார்கள், எடுக்கவில்லை. இந்த வருடம் சாம்பல் புதனுக்கு முதல்நாள், சிலுவைப் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த பழைய குருத்தோலையைச் சாம்பலாக்கக் கோயிலுக்குக் கொடுக்க எடுத்தேன். ஓலைக்கும் ஒரு தவணை இருக்கிறது, இந்தக் கிளாசுக்கு இல்லையே என்று தோன்றிப் பெட்டியைப் பிரித்தேன். இப்போது அதில்தான் தண்ணீர் குடிக்கிறோம். ஆறில் இரண்டைப் பேரப்பிள்ளை உடைத்துவிட்டான், நாலு மிச்சம்.

கடைசியாக, ஒரு மாதம் பொறுக்க வேண்டாத அலுவல் ஒன்று இருக்கிறது. மாரி மழை தொடங்குவதற்கு முன் வீட்டிலுள்ள அத்தனை பேரின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, காணி உறுதி, பிள்ளைகளின் கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிடுங்கள். இரட்டைப் பொலித்தீன் சுற்றுங்கள், ஒன்று போதாது. 2011இல் எங்களுக்கு ஒன்றுதான் இருந்தது. ஆணி கொஞ்சம் உயரத்தில் இருக்கட்டும், தண்ணீர் முதலில் கதவடிக்குத்தான் வரும்.